கடிகாரம் ஏன் நின்றது? பள்ளி அமெரிக்கக் கால்பந்தில் நேர விதிகளைக் கையாளும் முறை

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியில் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான என்எஃப்எல்லின் ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவர், வெள்ளிக்கிழமை இரவு உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் கோடு போட்ட சட்டையோடு நடுவராக நிற்கும்போது முதலில் தடுமாறுவது நேர விதிகளில்தான். தொழில்முறை ஆட்டத்தில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினாலும், பாதியின் கடைசி நிமிடங்கள் தவிர, கடிகாரம் சற்று நேரத்தில் மீண்டும் ஓடத் தொடங்கிவிடும். கல்லூரி ஆட்டத்தில் 2023 முதல் புதிய முதல் டவுன் (நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேறி மீண்டும் நான்கு முயற்சிகள் பெறுவது; ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன்) கிடைத்தால் பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் மட்டுமே கடிகாரம் நிற்கிறது. பள்ளி ஆட்டத்தில் இவ்விரண்டும் பொருந்தா. இங்கு ஆட்டம் முழுவதும் முதல் டவுனுக்குக் கடிகாரம் நிற்கும். எல்லைக்கோட்டுக்கு வெளியே போன பந்துக்கு அடுத்த ஸ்நாப் (தரையிலுள்ள பந்தைப் பின்னுக்குத் தந்து டவுனைத் தொடங்குவது) வரை நின்றே இருக்கும். பார்வையாளர் வரிசையிலிருந்து எழும் கூச்சலில் பாதி, பிற ஆட்டங்களின் விதியை இங்கே எதிர்பார்ப்பதால் வருவது. அதற்காக நடுவர் மனம் கலங்கத் தேவையில்லை.

அமெரிக்காவின் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் பள்ளி ஆட்டங்கள், இண்டியானாபொலிஸ் நகரிலிருந்து இயங்கும் மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பான என்எஃப்எச்எஸ்ஸின் விதிநூலைப் பின்பற்றுகின்றன. டெக்சாஸ் மட்டும் கல்லூரி விதிகளின்படி ஆடுகிறது. மாசசூசெட்ஸும் 2019 வரை அவ்வாறே ஆடிவந்தது. இங்கே சொல்லப்படுவதெல்லாம் என்எஃப்எச்எஸ் விதிகளே. ஆட்டம் 12 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக நடக்கும். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பாதிக்கு மூன்று டைம் அவுட் உண்டு. முதல் பாதியில் மிச்சம் வைத்ததை இரண்டாம் பாதிக்கு எடுத்துச்செல்ல முடியாது. பாதி இடைவேளை வழக்கமாக 15 நிமிடம். அதன்பின் வீரர்கள் உடலைச் சூடாக்கிக்கொள்ள மூன்று நிமிடம் கட்டாயமாகத் தரப்பட வேண்டும்.

ஐவர் கொண்ட நடுவர் குழுவில் ஆட்ட நேரத்துக்குப் பொறுப்பாளர் லைன் ஜட்ஜ். ஸ்நாப் செய்யத் தரப்படும் அவகாசத்தை எண்ணும் பிளே கிளாக்கையும் டைம் அவுட் நேரத்தையும் கவனிப்பவர் பேக் ஜட்ஜ். மைதானத்தில் மின்பலகை இருந்தாலும் லைன் ஜட்ஜின் கைக்கடிகாரம் வேலை செய்ய வேண்டும், ஏனெனில் மின்பலகை பழுதாகும் இரவு ஒன்று கட்டாயம் வரும். ஆட்டம் தொடங்குமுன் மேல்மாடத்தில் கடிகாரத்தை இயக்குபவரைப் போய்ப் பார்ப்பதை எந்தக் குழுவும் தவிர்க்கக் கூடாது. அவர் பெரும்பாலும் அந்தப் பள்ளியின் ஆசிரியராகவோ ஒரு மாணவரின் தந்தையாகவோ இருப்பார். ஆட்டத்தை நன்றாக அறிந்திருந்தாலும் நடுவரின் சைகையைப் பார்க்காமல் பந்தைப் பார்த்தே பொத்தானை அழுத்தும் பழக்கம் அவருக்கு இருக்கக்கூடும். இரண்டு செய்திகளை மட்டும் அவர் மனத்தில் பதியவைத்தால் போதும். தலைக்கு மேல் இரு கைகளையும் குறுக்கே வீசினால் நிறுத்த வேண்டும், ஒரு கையைச் சக்கரம்போல் சுழற்றினால் ஓடவிட வேண்டும் என்பது முதலாவது. கிக் ஆஃபையோ (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) பன்ட்டையோ (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் உதை) பிடித்து ஓடிய வீரர் களத்துக்குள்ளேயே வீழ்த்தப்பட்டாலும் அடுத்த ஸ்நாப் வரை கடிகாரம் ஓடக் கூடாது என்பது இரண்டாவது. நான் கண்ட கடிகாரப் பிழைகளில் மிகுதியானவை இந்த இரண்டாவது இடத்தில்தான் நேர்ந்தன.

நேர விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்க முயல்பவர் களத்தில் தடுமாறுவார். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு முறை கடிகாரம் நிற்கும்போதும் “ஏன் நின்றது?” என்று மனத்துக்குள் கேட்டு, விடையை அடுத்த ஸ்நாப் வரை மறக்காமல் வைத்திருப்பதே நம்பத்தக்க வழி. ஏனெனில் கடிகாரம் நின்ற காரணமே அது மீண்டும் எப்போது ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. கிக் ஆஃபைத் தவிர்த்தால், ஓடத் தொடங்க இரண்டே தருணங்கள் உண்டு: ஒன்று பந்து ஸ்நாப் செய்யப்படும் கணம், மற்றொன்று, பந்து ஆட்டத்துக்குத் தயார் என்று நடுவர் குழுத் தலைவரான ரெஃப்ரி சைகை காட்டும் கணம்.

பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது, பாஸ் யார் கையிலும் சேராமல் தரையில் விழுந்தது, ஓர் அணி டைம் அவுட் கேட்டது, கால்பகுதி முடிந்தது, பந்து எதிரணிக்குக் கைமாறியது, முறையான கிக்குக்குப் பின் ஏதேனும் ஓர் அணிக்குப் புதிய தொடர் கிடைத்தது, ஃபேர் கேட்ச் (உதைத்த பந்தை, ஓடமாட்டேன் என்று சைகை காட்டிப் பிடிப்பது) பிடிக்கப்பட்டது, டச்பேக் (உதைத்த பந்து பெறும் அணியின் கோல் கோட்டைக் கடந்து நிற்பது) ஆனது, ஆட்டத்தைத் தாமதப்படுத்திய குற்றத்துக்கான தண்டனை ஏற்கப்பட்டது ஆகியவை ஸ்நாப்புக்காகக் காத்திருக்கவேண்டிய காரணங்கள். தாக்கும் அணி களத்துக்குள்ளேயே முதல் டவுன் பெற்றது, தூரம் அளக்கச் சங்கிலி கொண்டுவரப்பட்டது, வீரர் காயமடைந்தார், ஹெல்மெட் கழன்றது, தவறுதலாக விசில் ஊதப்பட்டது, சாதாரணக் குற்றத்துக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது போன்றவை நடுவரின் வேலைக்காக நிறுத்தப்பட்ட நேரங்கள். அந்த வேலை முடிந்ததும் தயார் சைகையோடு கடிகாரம் ஓட வேண்டும்.

இரு வகைக் காரணங்களும் ஒரே டவுனில் சேர்ந்து வரும்போதுதான் புதிய நடுவர் குழம்புவார். அப்போது ஸ்நாப் வகைக் காரணம் ஒன்றே ஒன்று இருந்தாலும் அதுவே வெல்லும். பந்தோடு ஓடியவர் முதல் டவுனுக்குரிய தூரத்தைக் கடந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போனால், முதல் டவுனைப் பார்த்துக் கையைச் சுழற்றக் கூடாது. களத்துக்குள் முடிந்த ஓட்டத்தில் ஹோல்டிங் (எதிராளியைக் கையால் பிடித்து நிறுத்துவது) குற்றம் நடந்திருந்தால் தண்டனைக்குப் பின் தயார் சைகையில் ஓடும். அதே குற்றம் தரையில் விழுந்த பாஸின்போது நடந்திருந்தால் ஸ்நாப்பில்தான் ஓடும். களத்துக்குள் முதல் டவுன் கிடைத்தபின் பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டுவிட்டால் நிலைமை ஸ்நாப்புக்கு மாறிவிடும். என் முதல் ஆண்டில், பாஸ் தரையில் விழுந்த ஆட்டத்தில் காயமடைந்த வீரர் ஒருவரை மூன்று நிமிடம் கவனித்து அனுப்பிய பிறகு, எதற்காக நிறுத்தினோம் என்பது மறந்துபோய்க் கையைச் சுழற்றிவிட்டேன். தவறைக் கண்டுபிடிப்பதற்கு முன்னே 11 நொடிகள் ஓடிவிட்டன. அன்றுமுதல் ஸ்நாப்புக்காக நிற்க வேண்டிய நேரங்களில் ஒரு விரலை மடக்கிப் பிடித்துக்கொள்கிறேன். லைன் ஜட்ஜோடு கண்ணால் பேசி உறுதிசெய்துகொள்ளும் குழுக்களும் உண்டு. எந்த முறையானாலும் நினைவை மட்டும் நம்பாதிருப்பது நல்லது.

கிக் ஆஃபில் பந்து உதைக்கப்பட்ட கணத்தில் கடிகாரம் ஓடாது. களத்தில் ஒருவர் முறையாகத் தொட்ட பிறகே ஓடும். யாரும் தொடாமல் பந்து பெறும் அணியின் கோல் கோட்டைக் கடந்தால் அக்கணமே ஆட்டம் நின்று டச்பேக் ஆகும். ஒரு நொடிகூடச் செலவாகாது. டச்டவுனுக்குப் பின்வரும் கூடுதல் புள்ளி முயற்சிக்கும் கடிகாரம் ஓடுவதில்லை.

ஸ்நாப்புக்கான அவகாசம் முன்பு எப்போதும் 25 நொடியாக இருந்தது. 2019 முதல் 40 நொடி முறை வந்தது. ஒரு டவுன் இயல்பாக முடிந்தால், பந்து நின்றதைக் காட்டும் சைகையோடு 40 நொடி தொடங்கும். ரெஃப்ரியின் விசிலுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. டைம் அவுட், கால்பகுதித் தொடக்கம், கூடுதல் புள்ளி முயற்சி, தவறான விசில், தண்டனை நிறைவேற்றம் போன்ற இடையூறுகளுக்குப் பின் தயார் சைகையோடு 25 நொடி தொடங்கும். ஆனால் தடுக்கும் அணி வீரரின் காயத்துக்காக ஆட்டத்தை நிறுத்தினாலும், தடுக்கும் அணி மட்டும் குற்றம் செய்திருந்தாலும் 40 நொடி தர வேண்டும். எதிரணியின் காயத்தாலோ குற்றத்தாலோ தாக்கும் அணி அவகாசத்தை இழக்கக் கூடாது என்பதே அதன் நியாயம். கண்ணுக்குத் தெரியும் பிளே கிளாக் இல்லாத மைதானத்தில் பேக் ஜட்ஜ் தம் கைக்கடிகாரத்தில் எண்ணி, கடைசி ஐந்து நொடிகளைக் கையசைத்துக் காட்ட வேண்டும். அவகாசம் தீர்ந்தால் ஐந்து யார்டு தண்டனை. காயத்துக்காகவோ ஹெல்மெட் கழன்றதற்காகவோ கடிகாரம் நிறுத்தப்பட்டால், அந்த வீரர் குறைந்தது ஒரு டவுனாவது வெளியே இருக்க வேண்டும் என்பதையும் இவ்விடத்திலேயே கவனித்துவிடலாம்; எதிரணியின் குற்றத்தால் ஹெல்மெட் கழன்றிருந்தால் அது பொருந்தாது. டைம் அவுட் எடுத்து அவரை உடனே உள்ளே கொண்டுவர முயலும் பயிற்சியாளருக்குப் பணிவாக மறுப்புச் சொல்ல வேண்டும்.

பள்ளி ஆட்டத்தில் இரண்டு நிமிட எச்சரிக்கை என்று ஆட்டம் நிற்பதில்லை என்றாலும், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கு ஒரு தனி விதி 2017 முதல் உள்ளது. அப்போது தண்டனை ஏற்கப்பட்டால், குற்றத்துக்கு ஆளான அணி கடிகாரத்தை ஸ்நாப்பில் தொடங்குமாறு கேட்கலாம். இதன் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். முன்னிலையில் உள்ள அணியிடம் பந்து இருக்கிறது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க 30 நொடி மிச்சமிருக்கும்போது அவ்வணி வீரர் ஸ்நாப்புக்கு முன்பே அசைந்துவிடுகிறார். எதிரணியிடம் டைம் அவுட் இல்லை. தயார் சைகையில் கடிகாரம் ஓடினால் அவர்கள் 25 நொடியையும் கரைத்துவிட்டு ஐந்து நொடி இருக்கையில் ஸ்நாப் செய்வார்கள். செய்த குற்றமே அவர்களுக்கு ஆதாயமாகிவிடும். ஸ்நாப்பில் தொடங்கினால் முப்பது நொடியும் தப்பும். ஆகவே ரெஃப்ரி தண்டனையைச் சொல்லும்போதே உரிய அணித் தலைவரிடம் இந்த வாய்ப்பைக் கேட்டு, விடையை மற்ற நடுவர்களுக்கும் கடிகாரம் இயக்குபவருக்கும் தெரியும்படி அறிவிக்க வேண்டும். பின்தங்கிய அணியே வேண்டுமென்று குற்றம் செய்து கடிகாரத்தை நிறுத்தப் பார்த்தால், எதிரணி இந்த வாய்ப்பை விரும்பாது. கடிகாரம் தயார் சைகையிலேயே ஓடும். இவை எதிலும் அடங்காத தந்திரத்தால் நேரத்தைக் கரைக்கவோ சேமிக்கவோ ஓர் அணி முயல்வது வெளிப்படையாகத் தெரிந்தால், கடிகாரத்தை ஓடவிடவும் நிறுத்தவும் ரெஃப்ரிக்குத் தனி அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தை அரிதாகவே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அவசரத்தில் தடுமாறும் பதினாறு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் தந்திரக்காரர்கள் அல்லர்.

கடிகாரம் தவறாக ஓடியதோ நின்றதோ வெளிப்படையாகத் தெரிந்தால், அத்தவறுக்குப் பின் இரண்டாவது முறை பந்து ஆட்டத்துக்கு வருவதற்குள் ரெஃப்ரி அதைத் திருத்தலாம். அதைத் தாண்டினால் முடியாது. திருத்துவதற்கு ஓர் எண் கையில் இருக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு டவுன் முடிந்தவுடனும் குழுவில் ஒருவராவது மின்பலகையைப் பார்த்து நேரத்தை மனத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். “ஏறக்குறைய பத்து நொடி போயிருக்கும்” என்று ரெஃப்ரி சொன்னால் எந்தப் பயிற்சியாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். “பந்து வெளியே போனபோது 1:47 இருந்தது” என்று லைன் ஜட்ஜ் சொன்னால் பெரும்பாலும் வாதம் அங்கேயே அடங்கிவிடும்.

பலகையில் பூச்சியம் தெரிந்தவுடன் கால்பகுதி முடிந்துவிடுவதில்லை. கடைசி டவுனின்போது இரு அணிகளில் எது குற்றம் செய்திருந்தாலும் அதற்கான தண்டனை ஏற்கப்பட்டால், நேரமில்லாத கூடுதல் டவுன் ஒன்றை ஆடவைக்க வேண்டும். டவுனை இழக்கச்செய்யும் குற்றங்களும் ஒழுங்கீனக் குற்றங்களும் இதற்கு விலக்கு. இரு அணிகளும் குற்றம் செய்து அவை ஒன்றையொன்று ஈடுசெய்தாலும், தவறுதலாக விசில் ஊதப்பட்டாலும் இவ்வாறே நீட்டிக்க வேண்டும். குற்றத்தைக் காட்ட நடுவர் வீசும் கொடி விழுந்திருக்கிறதா, நேரத்தில் பிழை உண்டா, பயிற்சியாளர் யாரேனும் விளக்கம் கேட்கிறாரா என்று பார்த்த பிறகே ரெஃப்ரி பந்தை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். அச்சைகையோடுதான் கால்பகுதி முறைப்படி முடிகிறது. அதற்கு முன்னே ஓய்வறையை நோக்கி நடக்கத் தொடங்கிய நடுவர், பின்னால் கிடந்த மஞ்சள் கொடிக்காக வீரர்களைப் பேருந்து அருகிலிருந்து திரும்ப அழைக்க நேரிடலாம்.