பதினோராம் நாள் பேப்பர் போடாதீர்கள்

போன மாதம் 8ஆம் தேதி. முந்தின நாள்தான் டிடிஎஸ், அதாவது கம்பெனி பிடித்து வைத்த வரியை, கட்டி முடித்திருந்தோம். அடுத்து 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன், காத்திருந்தது. எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, பேப்பர் போடலாம்னு இருக்கேன், வேலையே வேண்டாம். உள்ளேயிருந்து தெளிவா வந்துடுச்சு" என்றாள். பத்து நாள் மௌன தியான வகுப்புக்குப் போய்விட்டு வந்து நான்கு நாள்கூட ஆகவில்லை.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். 2018இல் நான் என் வீட்டுக்காரரிடம் சொன்ன அதே வார்த்தை.

தினமும் காலையில் குக்கர் வைப்பதற்கு முன் இருபது நிமிடம் சும்மா உட்காருவது என் வழக்கம். பல வருடமாக உட்காருகிறேன், அதனால் பல வருடத் தப்பும் கைவசம் இருக்கிறது. போனை அணைக்காமல் உட்காருவது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து தூங்கி விழுவது இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. இரண்டே நாளில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அசைபோடுவதை யோசனை என்று நினைப்பது

கண்ணை மூடியதும் நேற்று மீட்டிங்கில் மேனேஜர் சொன்னது வரும். அப்போது நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் வரும். அதற்கு அவர் என்ன சொல்லியிருப்பார், அதற்கு நாம் என்ன சொல்லியிருப்போம் என்று வாய்ச்சண்டை வளர்ந்துகொண்டே போகும். அரை மணி நேரம் கழித்து எழுந்தால் ஆழமாக யோசித்த மாதிரி ஒரு திருப்தி. ஆனால் கழுத்து இறுகியிருக்கும்.

மாடு அசைபோட்டாலாவது பால் கிடைக்கும். ஒரே வாக்கியம் மூன்றாவது முறை வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று எழுந்துவிடுவேன். எழுந்து நடந்தால் தேவலாம்.

இன்னொன்று. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அந்தக் கேள்விக்கு மனசு பதில் தராது, கதைதான் கட்டும். "இப்போது நெஞ்சில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பயம், பொறாமை, பசி என்று ஏதாவது ஒரு சின்ன நிஜம் தட்டுப்படும். பாதி நாள் அது பசிதான்.

அமைதியில் வந்த நினைப்பை அருள்வாக்காக எடுத்துக்கொள்வது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

2018இல் நானும் அப்படி ஒரு விபாசனா வகுப்புக்குப் போனேன். காலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள். இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணையும். பேச்சு கிடையாது, போன் கிடையாது, பேனா பேப்பர்கூடக் கிடையாது. வகுப்பின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் செய்த கூத்து எல்லாம் வெளியே வந்த பிறகுதான்.

பதினோராம் நாள் காலையில் அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். 214 மெயில். பத்து நாளாகப் பஞ்சு மாதிரி இருந்த மனசு ஒரே நிமிடத்தில் கல்லானது. அந்த நேரத்தில்தான் "இந்த வேலை உனக்கு இல்லை" என்று உள்ளே யாரோ நிதானமாகச் சொன்ன மாதிரி இருந்தது. ஆஹா, குரல் வந்துவிட்டது என்று அன்று இரவே ராஜினாமா மெயில் தட்டினேன்.

அங்கே மனசு லேசாக இருந்ததில் என்ன அதிசயம்? ரிட்டர்ன் இல்லை, மாமியார் மருந்து இல்லை, சமையல்கூட இல்லை. மணி அடித்தால் தட்டில் சோறு. சுமையை இறக்கி வைத்த தோள் லேசாகத்தான் இருக்கும், திரும்பத் தூக்கும்போது முன்னைவிடக் கனமாகத்தான் தெரியும். அந்தக் கனத்தைத்தான் நான் ஞானம் என்று எடுத்துக்கொண்டேன். போதாக்குறைக்கு, காலிக் குடத்தில் எந்தக் காசைப் போட்டாலும் கணீரென்றுதான் கேட்கும். சத்தத்தை வைத்து அது நல்ல காசா செல்லாக் காசா என்று சொல்ல முடியாது.

வகுப்பில் ஒரு மணி நேரம் கை காலை அசைக்காமல் உட்காரச் சொல்வார்கள். சரியாக அப்போதுதான் மூக்கு நுனி அரிக்கும். சொறியாதே, வருவது போகும், பார்த்துக்கொண்டே இரு என்பதுதான் பாடமே. பத்து நாள் மூக்கைச் சொறியாமல் இருந்துவிட்டு, பதினோராம் நாள் இருப்பதிலேயே பெரிய அரிப்பை இரண்டு கையாலும் சொறிந்தேன்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அது என் தொழில். அந்தக் கம்பெனியில் சேர்ந்து 4 வருடம் 3 மாதம் ஆகியிருந்தது. வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, அதற்கு ஐந்து வருடம் வேண்டும். அடிப்படைச் சம்பளம் 26,000. அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 15,000, ஐந்து வருடத்துக்கு 75,000 ரூபாய். ஒன்பது மாதம் பொறுத்திருந்தால் கைக்கு வந்திருக்கும். ஊருக்கெல்லாம் கிராஜுவிட்டி கணக்குப் போட்டுக் கொடுத்தவள் தன் கணக்கைப் பார்க்கவில்லை. அப்புறம் பதினொரு மாதம் வேலை இல்லை. கடைசியில் கிடைத்த இடத்தில் இரண்டாவது மாதமே பக்கத்து சீட்டுக்காரரின் பேங்க் ரீகன்சிலியேஷன் (பேங்க் கணக்கையும் நம் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) என் தலையில் விழுந்தது. பழைய கம்பெனியிலும் இதே கதைதான். எனக்கு வராமல் இருந்தது "இது என் வேலை இல்லீங்க" என்ற ஒரு வாக்கியம். அது புரிந்தது ஏதோ ஒரு புதன்கிழமை, பஸ்ஸில்.

இன்னொரு விஷயம் பிறகுதான் தெரிந்தது. இந்த வகுப்புகளை 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்கா பர்மாவில் வியாபாரி. அவருக்குக் கற்றுக்கொடுத்த ஊ பா கின் யார் தெரியுமா? பர்மா சுதந்திரம் அடைந்த 1948இல் அந்த நாட்டின் அக்கவுண்டன்ட் ஜெனரல், அதாவது அரசாங்கக் கணக்குக்குத் தலைமை அதிகாரி, ஆனவர். நம்ம ஆள்! ஆபீஸ் ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தார், 1952இல் ரங்கூனில் தியான மையம் தொடங்கினார், ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளின் பொறுப்பையும் ஒரே நேரத்தில் சுமந்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றது 1967இல். மையம் தொடங்கிய பிறகும் பதினைந்து வருடம் கணக்குப் பார்த்திருக்கிறார். நான் பதினைந்து மணி நேரம் தாங்கவில்லை.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், உட்கார்ந்து எழுந்ததும் பெரிய முடிவு மாதிரி ஏதாவது தோன்றினால் பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி மூடிவிடுவேன். ரிட்டர்ன் வேலையெல்லாம் முடிந்த 22, 23ஆம் தேதி வாக்கில் ஒரு தடவை பார்ப்பேன். நாலு நாள் லீவுக்குப் பிறகு ஒரு தடவை. அடுத்த மாத நெருக்கடியில் ஒரு தடவை. நெருக்கடியில் மட்டும் தலைகாட்டினால் அது அசதி. மூன்று இடத்திலும் அதே நினைப்பு, அதுவும் கோபம் இல்லாமல் வந்தால்தான் காது கொடுப்பேன். ஒரு 8ஆம் தேதி "இந்த ஊரையே விட்டுப் போகணும்" என்று எழுதியிருக்கிறேன். அதே பக்கத்தில் 23ஆம் தேதி: "பெட்ரூம் ஃபேன் சத்தம், எலக்ட்ரீஷியன்."

அந்தப் பெண்ணிடமும் இதையேதான் சொன்னேன். மூன்று தடவையும் அப்படியே தோன்றினால் போடு, நானே டிராஃப்ட் அடித்துத் தருகிறேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். ஆனால் எழுதினாள், பார்த்தேன்.

வீட்டில் அறிவிப்பது

"இனி தினமும் தியானம் பண்ணப்போறேன்" என்று சொல்லிவிட்டால், அடுத்த தடவை குழந்தையைத் திட்டும்போது "இதுக்குத்தான் தியானமா?" என்று ஒரு குரல் வரும். அது நிச்சயமாக உள்ளிருந்து வராது.

ஆப் வாங்குவது

போனில் அலாரம் இருக்கிறது. அது இலவசம்.

19ஆம் தேதி இரவு

மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி, ஜிஎஸ்டி கட்டும் ரிட்டர்ன். உட்கார வேண்டாம், தூங்குங்கள்.