பரணில் இருக்கும் பல்லாங்குழியை இறக்குங்கள்

பிள்ளை சென்னையில் அரசுப் பள்ளியில் ஒன்றாவது, இரண்டாவது படிக்கிறதா? சிறு பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று கற்றல் நிலைகள் உண்டு. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று டீச்சரிடம் கேளுங்கள். வீட்டில் எதைச் சொல்லித் தருவது என்பது அதில் தெரிந்துவிடும்.

அப்புறம், பல்லாங்குழியின் 14 குழிகளிலும் ஐந்தைந்து புளியங்கொட்டை போட்டு, மொத்தம் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். முதலில் ஒவ்வொன்றாகத்தான் எண்ணும்; அவசரப்படுத்தவே கூடாது. பழகப் பழக ஐந்து, பத்து, பதினைந்து என்று தாவி எழுபதைத் தொடும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! பலகை இல்லையென்றால் முட்டை அட்டை போதும்.

பாட்டி வகுப்புக்கு வந்து ஆடிக் காட்டலாமா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான்.