சாஸ்குவாட்சைப் பார்த்தவரிடம் வாக்குமூலம் வாங்குவது எப்படி?

விபத்து இன்சூரன்ஸுக்காக வாக்குமூலம் எழுதுவதுதான் என் பிழைப்பு. வட அமெரிக்கக் காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படும், பிக்ஃபுட் என்றும் பெயர் கொண்ட சாஸ்குவாட்ச், அதாவது ரோமம் அடர்ந்த அந்தப் பெரிய ஆசாமி, என் பொழுதுபோக்கு. இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: சாட்சி வாய் திறக்கும் முன் நீங்கள் எந்தப் பெயரும் சொல்லக் கூடாது.

"அது சாஸ்குவாட்சா?" என்று கேட்டால் காரியம் கெட்டது. 1974இல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் கார் விபத்துப் படம் காட்டிச் சோதித்தார். "இடித்தபோது என்ன வேகம்" என்று கேட்கப்பட்டவர்களை விட "நொறுங்க மோதியபோது என்ன வேகம்" என்று கேட்கப்பட்டவர்கள் அதிக வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியையும் அவர்களில் அதிகம் பேர் "பார்த்திருந்தார்கள்". ஆகவே "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

முதலில் என்னவென்று நினைத்தார் என்பதைத் தனியாகக் குறியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வாக்குமூலம் வில்லியம் ரோவுடையது. 1955இல் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் மைகா மலையில் பார்த்ததாகச் சொன்னார். புதருக்குள் பாதி மறைந்திருந்ததை முதலில் கிரிஸ்லி கரடி என்றே நினைத்திருக்கிறார். பிறகு துப்பாக்கியால் குறிவைத்து, மனிதச் சாயல் தெரியவே இறக்கிவிட்டார். பொய் சொல்கிறவர் இப்படித் தடுமாறிக் காட்டுவது அபூர்வம் என்பது என் கணிப்பு. உண்மை சொல்கிறவரும் தவறாகப் பார்க்கலாம் என்பது வேறு விஷயம்.

உயரத்தை அடிக்கணக்கில் கேட்காதீர்கள். தலை எந்தக் கிளை வரை வந்தது என்று கேட்டு, அந்தக் கிளையை அளந்துகொள்ளுங்கள்.

பார்த்த தேதி, முதன்முதலில் சொன்ன தேதி இரண்டும் வேண்டும். 1924இல் சாஸ்குவாட்ச் தன்னைத் தூக்கிப்போனதாக ஆல்பர்ட் ஆஸ்ட்மன் சொன்னது 1957இல். முப்பத்து மூன்று வருடம் பழைய கிளெய்மை எந்த கம்பெனி ஏற்கும்?

தடத்தையும் மிருகத்தையும் ஒன்றாக எழுதாதீர்கள். 1958இல் கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில் ஜெர்ரி குரூ 16 அங்குலத் தடத்தை பிளாஸ்டர் அச்சாக எடுத்தார். தடம் கண்டேன் என்றார், கண்டதும் நிஜம். 2002இல், அங்கே சாலை போட்ட ஒப்பந்தக்காரர் ரே வாலஸ் இறந்த பிறகு, அந்தத் தடம் அவர் செய்த வேலைதான் என்று அவர் குடும்பத்தார் மரப்பாதங்களைக் காட்டினார்கள். கரடியின் பின்னங்கால் முன்னங்கால் தடத்தின் மேல் விழுந்தாலும் நீண்ட பாதம் போலத் தெரியும்.

ரோமம் கிடைத்தால் காகித உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். 1970களில் எஃப்.பி.ஐ. சோதித்த ஒரு மாதிரி மான் ரோமம் என்று முடிந்தது.

காது, மூக்கு நீளம், நடக்கையில் கை வீச்சு: கரடியைப் பிரித்தறியும் இந்தக் கேள்விகள் கடைசியில்தான். எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். 1967இல் பேட்டர்சனும் கிம்லினும் எடுத்த, சாஸ்குவாட்ச் என்று சொல்லப்படும் உருவம் நடந்தபடியே திரும்பிப் பார்க்கும் படத்தை அதற்கு முன் காட்டிவிடாதீர்கள். காட்டினால் அவர் பார்த்த மிருகமும் தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிடும்.