செண்பக சென்ட்: வாங்கும்போதும் முகரும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் விரிந்த செண்பகப்பூ ஒன்றைப் பறித்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். முதலில் பன்னீர் தெளித்த மாதிரி ஒரு குளிர்ச்சி வரும். கொஞ்ச நேரம் போனால் பழுத்த ஆப்ரிகாட், அதன் பின்னால் தேயிலை. சாயங்காலம் இதழ் ஓரம் பழுப்பேறும்போது மணம் கனத்து, ஒரே அறையில் அதோடு உட்கார முடியாதபடி ஆகிவிடும். ஒரு நாளைக்குள் இத்தனை முகம் காட்டும் பூ இது. அதனால் செண்பகம் என்று எழுதிய பாட்டிலைத் திறந்து, ஒரு தடவை முகர்ந்துவிட்டு "இது செண்பகமே இல்லை" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த நேரத்துச் செண்பகத்தைத் தேடுகிறீர்கள்?

நம் ஊரில் அதிகம் பேர் ஏமாறுவது விலையில். நூற்றைம்பது ரூபாய்ப் பாட்டிலில் 'சுத்தமான செண்பக எண்ணெய்' என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். பூவை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்தால் முதலில் மெழுகுப் பதத்தில் ஒன்று கிடைக்கும். அதைக் கான்க்ரீட் என்பார்கள். அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகை நீக்கிய பிறகு மிஞ்சுவதுதான் அப்சல்யூட். கூடை கூடையாகப் பூவைக் கொட்டினாலும் கையில் வருவது கொஞ்சம்தான். அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் செம்புப் பாத்திரத்தில் பூவைக் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் எடுப்பார்கள். சந்தனம் விற்கும் விலையில் அதுவும் மலிவாகக் கிடைக்காது. ஆகவே அந்தச் சின்ன பாட்டிலில் இருப்பது வேதிப்பொருள்களைச் சேர்த்துக் கட்டிய மணம். கட்டியதில் தப்பில்லை. 'சுத்தம்' என்று எழுதியதுதான் பொய்.

இங்கிருந்து பலர் எதிர்ப்பக்கத் தவறுக்குத் தாவிவிடுகிறார்கள்: செயற்கை என்றாலே போலி என்று. செண்பகப் பூவுக்குள்ளேயே இருப்பவைதான் இந்தப் பொருள்கள். பன்னீர் மணம் தரும் ஃபினைல் எத்தில் ஆல்கஹால், திராட்சை மிட்டாய் வாசனைக்குக் காரணமான மெத்தில் ஆந்த்ரனிலேட், இண்டோல், அயனோன். ஆலையில் செய்த மூலக்கூறும் பூவில் விளைந்ததும் ஒன்றேதான். ரோமன் கைசர் என்ற சுவிட்சர்லாந்து வேதியியலாளர் பூவைப் பறிக்காமல், கண்ணாடிக் கூண்டால் மூடி, அதைச் சுற்றியுள்ள காற்றை மட்டும் உறிஞ்சி அதில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிட்டார். கரைப்பானில் ஊறிய அப்சல்யூட்டில் வைக்கோல் மாதிரி ஒரு அடிக்கனம் ஏறிவிடுகிறது. அப்படிப்பட்ட பட்டியலை வைத்துக் கைதேர்ந்தவர் கட்டிய செயற்கைச் செண்பகம் சில நேரம் அதைவிட மரத்துப் பூவுக்கு நெருக்கமாக இருக்கும் என்பது என் அனுபவம். மட்டமாகக் கட்டியது வெறும் திராட்சை மிட்டாய்.

வீட்டில் தாங்களே கலந்து பார்க்கிறவர்கள் செய்யும் தவறு, மூலப்பொருளை நீர்க்காமல் முகர்வது. இண்டோல் வெள்ளைப் படிகம். டப்பாவைத் திறந்தால் அந்துருண்டை வாடை, கூடவே கழிவறை நினைவு. பயந்து தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதையே ஆல்கஹாலில் நூறில் ஒரு பங்காகக் கரைத்து, அதிலிருந்து ஒரு சொட்டை ரோஜா மணத்தோடு சேர்த்துப் பாருங்கள். உயிரில்லாமல் கிடந்த கலவை பூவாகிவிடும். இண்டோலை அடியோடு விட்டுவிட்டால் கிடைப்பது சோப்பு மணம்.

அயனோன் விஷயத்தில் மூக்கையே நம்ப முடியாது. 1893-இல் டீமான், குரூகர் என்ற இரண்டு ஜெர்மானியர் வயலட் பூ மணத்தைத் தேடும்போது செய்த பொருள் இது. ஒரு தடவை முகர்ந்தால் மூக்கு சலித்துப்போய் மணம் காணாமல் போகும். கொஞ்சம் விட்டு முகர்ந்தால் திரும்ப வரும். சென்ட் நிற்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், அவருக்கு மணக்கக்கூடும். அப்புறம், அயனோனில் ஒரு வகையான பீட்டா அயனோன் சிலருக்குப் பிறவியிலேயே சரியாகத் தெரியாது. ஓஆர்5ஏ1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. வீட்டில் ஒருவருக்குப் பூ மணமும் இன்னொருவருக்குப் புளித்த வாடையும் வந்தால் இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

சரி, துணிக்கு வருவோம். மெத்தில் ஆந்த்ரனிலேட், சென்ட்டில் சேர்க்கும் ஆல்டிஹைடு என்ற வகை வேதிப்பொருள்களோடு சேர்ந்தால் கலவை மஞ்சளாகி, நாள்பட ஆரஞ்சு நிறத்துக்குப் போகும். நிறம் மாறியதை வைத்து மட்டும் கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டாம். முகர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். ஆனால் வெள்ளை வேட்டி, பட்டுப்புடவை மேல் அடிக்கவே அடிக்காதீர்கள். என் வெள்ளைச் சட்டை ஒன்றின் காலர் இப்படித்தான் போனது, எத்தனை துவைத்தும் மஞ்சள் போகவில்லை.

பெயர்க் குழப்பமும் உண்டு. ஆங்கிலத்தில் 'Sambac' (சம்பக்) என்று போட்டிருந்தால் அது குண்டுமல்லி, செண்பகம் இல்லை. வடக்கே சம்பா என்றால் ஈழத்தலரியாகவும் இருக்கலாம். நாக் சம்பா ஊதுபத்தியின் அடையாளமே சந்தனமும் மட்டிப்பாலும் கலந்த புகைதான். அதை வைத்துச் செண்பகத்தை எடைபோட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

தோல் விஷயத்தில் இயற்கை, செயற்கை இரண்டையும் ஒரே கண்ணால் பாருங்கள். வெள்ளைப்பூ மணங்களில் தாராளமாகப் புழங்கிய லிலியல் என்ற செயற்கைப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுசாதனங்களில் தடை செய்தது. எத்தனையோ பூ எண்ணெய்களில் இயல்பாக இருக்கும் லினலூலும் காற்றுப்பட்டுப் பழசானால் ஒவ்வாமை தரும். எதுவானாலும் நீர்த்த ஒரு சொட்டை முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் பொறுங்கள்.

குற்றாலத்தில் ஓர் அருவிக்கே செண்பகாதேவி என்று பெயர். கோயில் நந்தவனத்திலோ தெருவிலோ இந்த மரத்தைத் தேடிப் பிடிப்பது நமக்குக் கஷ்டமில்லை. வாங்கிய சென்ட்டில் ஒரு சொட்டைத் தாள் பட்டையில் தொட்டு எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போங்கள். காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை, பூவையும் தாளையும் மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள்.