பல்கனி மிளகாய்க்கு வெயில் பார்ப்பது எப்படி?
வெள்ளவத்தை மாடிவீட்டில் மிளகாய்க் கன்று நெடுநெடுவென்று வளர்ந்தும் ஒரு பூக்கூட இல்லையா? பசளையைக் கொட்டாதீர்கள். இலையின் பச்சையம் வெளிச்சத்தைப் பிடித்து, வேர் இழுக்கும் தண்ணீரையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் சேர்த்துக் குளுக்கோசு ஆக்குகிறது. தண்டும் காயும் அதிலிருந்துதான், பசளை வெறும் தொட்டுக்கொள்ள. வயலில் நெல்மணி முற்றுவதும் இதே கணக்குத்தான், வானம் மூடிக்கிடந்தால் பதர் கூடும்.

சரி, ஒரு லீவு நாளில் மணிக்கொருமுறை எட்டிப்பார்த்து, சாடியில் நேரடி வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று குறியுங்கள். 6 மணித்தியாலம் இருந்தால் மிளகாய், தக்காளி. 3, 4 தான் என்றால் பேசாமல் வல்லாரை வையுங்கள். கொழும்பில் உச்சிவெயில் ஜூனில் வடக்கிலிருந்தும் டிசம்பரில் தெற்கிலிருந்தும் சாய்ந்து வரும், அதற்கேற்பச் சாடியை நகர்த்துங்கள். காலி வீதிப் புழுதி இலையில் படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.