பழுதான ரவுட்டரை மாற்றுவது: கழற்றும் முன்பும் மாட்டிய பின்பும்

வீட்டில் இணையம் அடிக்கடி அறுந்தால் முதல் பழி ரவுட்டர் மேல்தான் விழும். புதிது வாங்கி மாட்டிய பிறகும் அதே தொல்லை தொடரும்போதுதான், கோளாறு அடாப்டரிலோ ஒரு கேபிள் முனையிலோ வெளியிலிருந்து வரும் லைனிலோ இருந்தது தெரியவரும். அதனால் கடைக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம் சோதனைக்கு ஒதுக்குங்கள். ரவுட்டர்தான் பழுது என்று உறுதியானால், பழைய ரவுட்டரின் அமைப்புகளை முழுவதும் குறித்துக்கொண்டு அப்படியே புதியதில் ஏற்றுங்கள். சரியாகச் செய்தால் வீட்டிலுள்ள போன், டிவி, பிரின்டர் எதையும் தொடாமலே எல்லாம் பழையபடி ஓடும்.

கோளாறு எங்கே?

முதலில் வைஃபையைக் கணக்கிலிருந்து விலக்குங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிளால் ரவுட்டரின் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) இணையுங்கள். கமாண்ட் விண்டோவில் மூன்று இடங்களுக்கு பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் செய்தி, அனுப்ப வேண்டும்: ரவுட்டரின் சொந்த முகவரி (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), அடுத்து 8.8.8.8 (வெளியே இணையத்தில் உள்ள கூகுளின் முகவரி), கடைசியாக ஏதாவது ஒரு இணையதளத்தின் பெயர். விண்டோஸ் தானாக நான்கு முறைதான் அனுப்பும். அது போதாது, நூறு முறையாவது ஓடவிடுங்கள்.

கேபிள் வழியாக ரவுட்டருக்குப் போகும் பிங் ஒரு மில்லி விநாடிக்குள் திரும்பும், ஒன்றுகூடத் தொலையாது. இங்கேயே பதில்கள் விடுபட்டால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் விடுபட்டால் ரவுட்டர் அல்லது அதன் அடாப்டர் பழுது. ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தந்து 8.8.8.8 மட்டும் தடுமாறினால் சந்தேகம் லைன் பக்கம் திரும்ப வேண்டும். லேப்டாப்பை நேராக மோடத்திலோ ஃபைபர் பெட்டியிலோ செருகி மறுபடி பாருங்கள். யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்கும் பிபிபிஓஇ இணைப்பு என்றால் லேப்டாப்பிலும் அவற்றைக் கொடுத்துத்தான் இணைய முடியும். அங்கேயும் தடுமாறினால் எத்தனை ரவுட்டர் மாற்றினாலும் பயன் இல்லை. எண் முகவரிக்குப் பதில் வந்து, பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் அது டிஎன்எஸ், அதாவது பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவையின் கோளாறு. ரவுட்டர் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். மெல்லிய ஃபைபர் வயர் எங்காவது கதவிடுக்கில் நசுங்கியோ கூர்மையாக மடிந்தோ இருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் சேவை நிறுவனத்தின் வேலை. ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும். பச்சை நிற முனையை நீல நிறச் சாக்கெட்டில் செருகுவதும் தவறு. பச்சை முனை 8 டிகிரி சாய்வாக இழைக்கப்பட்டது, நீலத்தோடு சரியாகப் பொருந்தாது.

இன்னொரு நம்பகமான தடயம் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்திலேயே (பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டினால் திறப்பது) இருக்கிறது. ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘அப்டைம்’, அதாவது கடைசியாக ஆன் ஆனதிலிருந்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற கணக்கு இருக்கும். இணையம் அறுந்த உடனே அதைப் பாருங்கள். பல நாள் என்று காட்டினால் ரவுட்டர் அணையவில்லை, இணைப்புதான் போயிருக்கிறது. இரண்டு நிமிடம் என்று காட்டினால் ரவுட்டர் தானாக அணைந்து எழுந்திருக்கிறது. அப்படியானால் முதல் சந்தேகம் அடாப்டர்.

அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் காய்ந்து பலவீனமாகும். சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் சரியாக 12 வோல்ட் காட்டும். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்து ரவுட்டர் அதிக மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து ரவுட்டர் ரீபூட் ஆகும். மீட்டரை நம்பி ஏமாறும் இடம் இதுதான். வேறு அடாப்டர் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. வோல்ட் அச்சடித்தபடியே இருக்க வேண்டும். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் பலகை எரியலாம். ஆம்பியர் அதே அளவோ அதிகமோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் அளவும், நடுமுனை பாசிட்டிவா என்பதும் பொருந்த வேண்டும். அடாப்டர், ரவுட்டர் இரண்டின் மேலும் அச்சடித்திருக்கும் சின்னப் படத்தை ஒப்பிடுங்கள்.

மூடிய அலமாரிக்குள் ரவுட்டர் இருந்தால் வெளியே எடுத்து ஒரு நாள் காற்றோட்டமாக வையுங்கள். சூட்டால் வரும் தொல்லை அதிலேயே தீரும். ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பு இருந்தால் அதையும் ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் ரீசெட் பட்டனை மட்டும் இப்போது அழுத்தாதீர்கள். பத்து விநாடி அழுத்தினால் இணைப்புக்கான யூசர்நேம், பாஸ்வேர்ட் உட்பட எல்லாமே அழிந்துவிடும்.

கழற்றுவதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள்

பழைய ரவுட்டர் தட்டுத்தடுமாறியாவது ஓடும்போதே அதன் நிர்வாகப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். பேக்கப் ஃபைல் வேறு மாடலில் ஏறாது, அதை நம்ப வேண்டாம். வேன் (WAN, வெளியிலிருந்து வரும் இணைப்பு) பக்கத்தில் இணைப்பு எந்த வகை என்று இருக்கும்: தானாக ஐபி பெறுவதா, பிபிபிஓஇயா, நிலையான ஐபியா. பிபிபிஓஇ என்றால் யூசர்நேம் தெரியும், பாஸ்வேர்ட் புள்ளிகளாகத்தான் தெரியும். அதைச் சேவை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட பிறகே அடுத்த வேலை. விலேன் எண் (நிறுவனம் தன் லைனில் இணையத்தைப் பிரித்துக் காட்ட இடும் எண்) ஒன்று இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். அது ஒன்று விடுபட்டாலும், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு வராது.

அடுத்து லேன் பக்கம். ரவுட்டரின் ஐபி முகவரி, டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி தரும் வசதி) எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கிறது, பிரின்டருக்கோ கேமராவுக்கோ முகவரி ஒதுக்கியிருக்கிறதா, போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வீட்டுக் கருவியை அணுகும் வழி) ஏதாவது உண்டா என்று பாருங்கள். கடைசியாக வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதிக்கொள்ளுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல். பின்னால் செருகியிருக்கும் கேபிள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதுங்கள்.

புதியது வாங்கும்போது வேன் போர்ட்டின் வேகத்தைப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் 1200, 1500 என்று பெரிதாகப் போட்டிருப்பது வைஃபையின் மொத்தக் கணக்கு. அதே பெட்டிக்குள் 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கக்கூடும். 100க்கு மேல் வேகமுள்ள இணைப்புக்கு ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் கட்டாயம். ஃபைபர் வயரைச் சாதாரண ரவுட்டரில் நேராகச் செருக முடியாது. அதற்குச் சேவை நிறுவனம் தரும் ஃபைபர் பெட்டி இருந்தே ஆக வேண்டும்.

மாற்றும் வரிசை

புதிய ரவுட்டரை உடனே லைனில் மாட்டாமல், முதலில் தனியாக ஆன் செய்து லேப்டாப்பைக் கேபிளால் இணையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள முகவரியை பிரவுசரில் தட்டி உள்ளே போய், நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு லேன் ஐபியைப் பழைய ரவுட்டரில் இருந்த அதே முகவரியாக வையுங்கள். பலர் விட்டுவிடும் படி இது. பழையது 192.168.1.1 ஆகவும் புதியது 192.168.0.1 ஆகவும் இருந்தால், நிலையான முகவரி கொடுத்துவைத்த பிரின்டரும் கேமராவும் எங்கே போயின என்றே தெரியாது. முகவரியை மாற்றியதும் லேப்டாப்பில் பக்கம் உறைந்து நிற்கும். கேபிளை ஒருமுறை கழற்றிச் செருகி, புதிய முகவரியைத் தட்டினால் திறக்கும்.

வைஃபை பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை மூன்றையும் பழையபடியே கொடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் வீட்டுக் கருவிகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். வேன் பக்கத்தில் குறித்துவைத்த விவரங்களை இப்போதே நிரப்பிவிடலாம்.

இனி மோடம், பழைய ரவுட்டர் இரண்டையும் அணையுங்கள். மோடத்திலிருந்து வரும் கேபிள் புதிய ரவுட்டரின் வேன் போர்ட்டில் போக வேண்டும். அது மற்ற நான்கிலிருந்து தள்ளியோ வேறு நிறத்திலோ இருக்கும். தவறி லேன் போர்ட்டில் செருகினால், மோடமும் ரவுட்டராக ஓடும் பட்சத்தில், இரண்டும் ஒரே வலையில் முகவரி விநியோகிக்கத் தொடங்கும். சில போன்களில் இணையம் வரும், சிலவற்றில் வராது, அடுத்த மணி நேரம் அது இடம் மாறும். ஒரு ஒழுங்கும் இல்லாத கோளாறைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

மோடத்தை முதலில் ஆன் செய்து, விளக்குகள் நிலையாக எரியும் வரை இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, அப்புறம் ரவுட்டரை ஆன் செய்யுங்கள். கேபிள் மோடம் தான் எழுந்ததும் முதலில் பார்த்த கருவியின் மேக் முகவரியை (கருவிக்கே உரிய அடையாள எண்) நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை ஏற்காது. அணைத்து எழுப்பினால்தான் புதிய ரவுட்டரை ஏற்றுக்கொள்ளும். பிபிபிஓஇயில் பழைய ரவுட்டரின் இணைப்பு மறுமுனையில் திறந்தபடியே தொங்கும்; பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு முயலுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நிறுவனம் உங்கள் கணக்கைப் பழைய மேக் முகவரியோடு கட்டிவைத்திருக்கலாம். ரவுட்டரின் ‘மேக் குளோன்’ பகுதியில் பழைய முகவரியை இடலாம், அல்லது அழைத்துப் பதிவை மாற்றச் சொல்லலாம்.

வேன் ஐபியைப் படியுங்கள்

இணைப்பு வராவிட்டாலும் அரைகுறையாக வந்தாலும் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி என்ன என்று பாருங்கள். நோயின் பெயர் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

0.0.0.0 என்றால் முகவரி கிடைக்கவே இல்லை. கேபிள், விலேன் எண், பாஸ்வேர்ட் இவற்றைத் திரும்பச் சரிபாருங்கள். 192.168 என்று தொடங்கினால் சேவை நிறுவனத்தின் பெட்டியும் ரவுட்டராகவே இயங்குகிறது. பிரவுசிங் ஓடும், ஆனால் வெளியிலிருந்து கேமராவைப் பார்ப்பது, சில விளையாட்டுகள் இவை முரண்டு பிடிக்கும். அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றச் சொல்வதே சுத்தமான தீர்வு. குறிப்பாக, நிறுவனத்தின் பெட்டியும் உங்கள் ரவுட்டரும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால் தரவுப் பொட்டலம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒன்றுமே திறக்காது. பிரிட்ஜ் மோடு முடியாவிட்டால் உங்கள் ரவுட்டரை 192.168.50.1 போன்ற வேறு வரிசைக்கு நகர்த்துவதைத் தவிர வழியில்லை. அப்போது நிலையான முகவரியுள்ள கருவிகளையும் மாற்ற வேண்டிவரும்.

100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால், நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகிறது. போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாததற்கு ரவுட்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

சில தளங்கள் சட்டென்று திறந்து, சில பாதியில் நின்றால் எம்டியு அளவை, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை, பாருங்கள். பிபிபிஓஇ ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500க்குப் பதில் 1492 இருக்க வேண்டும். லேப்டாப்புக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் அது வேன் கதை அல்ல. ரவுட்டரின் டிஹெச்சிபி அணைந்திருக்கிறது அல்லது கேபிள் பழுது.

வைஃபையும் கேபிளும்

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்று சேனல்கள்தான் ஒன்றையொன்று மிதிக்காதவை. போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றை ஓட்டி, மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் வைக்கலாம். அங்கே 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடாரும் பயன்படுத்துவதால், ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்த பிறகே ஒளிபரப்பும். ரீபூட் செய்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் காணவில்லை என்று பதற வேண்டாம். பாதுகாப்புக்கு டபிள்யுபிஏ2, டபிள்யுபிஏ3 கலந்த முறை நல்லது. அதிலும் பழைய கருவியோ ஸ்மார்ட் பல்போ ஒட்டாவிட்டால் டபிள்யுபிஏ2வை மட்டும் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையோடு வையுங்கள். டபிள்யுபிஎஸ் (பாஸ்வேர்ட் தட்டாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கும் வசதி), வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

ரவுட்டர் வீட்டின் நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் இருக்கட்டும். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி, மைக்ரோவேவ் எல்லாம் சிக்னலுக்கு எதிரி. ரவுட்டரிலேயே செருகிய யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். இது பலருக்குத் தெரியாது.

கடைசியில் வேகத்தைக் கேபிளில் அளந்து பாருங்கள். ஜிகாபிட் போர்ட் இருந்தும் 94 எம்பிபிஎஸ்ஸிலேயே முட்டி நின்றால் அது இணையத்தின் வேகம் அல்ல. கேபிளின் எட்டு கம்பிகளில் ஏதோ ஒன்று தொடவில்லை. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், 100க்கு நான்கே போதும் என்பதால் வேகம் அதற்கு இறங்கிவிடும். முனையை வெட்டிப் புதிய பிளக்கைக் கிரிம்ப் செய்யும்போது (நசுக்கிப் பொருத்தும்போது) நிற வரிசை இது: ஆரஞ்சு கோடு போட்ட வெள்ளை, ஆரஞ்சு, பச்சைக் கோடு வெள்ளை, நீலம், நீலக் கோடு வெள்ளை, பச்சை, பழுப்புக் கோடு வெள்ளை, பழுப்பு. கிளிப்பைக் கீழ்ப்பக்கம் வைத்து, கம்பி நுழையும் வாய் உங்களைப் பார்த்திருக்க, இடமிருந்து வலமாக எண்ணுங்கள். கம்பி ஜோடிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். கேட்5இ கேபிள் 100 மீட்டர் வரை ஜிகாபிட் தரும், வீட்டுக்கு அதுவே தாராளம். ஆனால் கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மடித்தால் முறியும், நீளம் கூடினால் சிக்னலைத் தின்னும்.

இரண்டு மூன்று நாள் பிசகில்லாமல் ஓடிய பிறகு பழைய ரவுட்டரை ரீசெட் செய்யுங்கள். அதுவரை பத்திரமாக இருக்கட்டும், விட்டுப்போன அமைப்பு எதையாவது பார்க்கத் தேவைப்படும். அடாப்டர்தான் பழுதாக இருந்து ரவுட்டர் நன்றாக இருந்தால் தூர அறைக்கு வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்டாக்கலாம்: டிஹெச்சிபியை அணைத்து, முக்கிய ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதன் ஐபியை 192.168.1.2 என்று வைத்து, முக்கிய ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்குக் கேபிள் இழுத்தால் போதும், வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும். அந்த .2 முகவரி முக்கிய ரவுட்டர் டிஹெச்சிபியில் விநியோகிக்கும் வரம்புக்கு வெளியே இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.