குளத்துக்காக மனு எழுதும்போது ராம்சாரை எங்கே வைப்பது?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர் பக்கம் குளக்கரையில் லாரி லாரியாக மண் இறங்கினால், மனுவின் முதல் வரி பெரும்பாலும் ‘ராம்சார் ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள்’ என்றுதான் வரும். முதல் சறுக்கல் அதுதான். ஈரநிலங்களைக் காக்க 1971-ல் உருவாகி, 1982-ல் இந்தியா சேர்ந்த அந்த ஒப்பந்தம் நாடுகள் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட வாக்கு. மண் அடிப்பவர்மேல் அது நேராகப் பாயாது. எந்த உள்நாட்டு விதி மீறப்பட்டது என்று காட்டியாக வேண்டும்.

சரி, 2017 ஈரநில விதிகளைச் சொல்லலாமே? இங்கேதான் முடிச்சு. வன உயிரினச் சட்டத்தின்கீழ் வரும் பகுதிகளுக்கு அந்த விதிகள் பொருந்தாது. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமோ மணக்குடிவரை நீளும் பாதுகாப்புக் காப்பகத்தின் ஒரு பகுதி. புல எண் காப்பகத்துக்குள் விழுகிறதா என்று பார்க்காமல் எழுதிய மனுவை எதிர்த்தரப்பு ஒரே வரியில் கவிழ்த்துவிடும். உள்ளே விழுந்தால் வன உயிரினச் சட்டத்தைப் பிடித்து வனத்துறைக்கு எழுதுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் அட்டவணையில் அந்தச் சட்டம் இல்லை. அதை மட்டும் நம்பித் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

‘இது வெட்டிய பாசனக்குளம், ஈரநிலமே இல்லை’ என்பார்கள் எதிர்த்தரப்பார். 2022-ல் ராம்சார் பட்டியலில் (ஒப்பந்தத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியல்) ஏறிய வேம்பனூரும் வெட்டிய குளம்தான்; பட்டியலில் உள்ளவற்றை 2017 விதிகளின் 3-வது விதி தனியாகவே சேர்க்கிறது. பட்டியலில் இல்லாத ஊர்க்குளத்துக்கு இந்தப் பதில் உதவாது. அங்கே 2007-ம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள்.

2017 விதிகள் பொருந்தும் இடத்தில் அடுத்த தவறு அளவில் வரும். நிரந்தரக் கட்டடத்துக்குத் தடையுள்ள 50 மீட்டரைக் கோடையில் வற்றிய நீரோரத்திலிருந்து அளக்கக் கூடாது. அப்படி அளந்தால் கோடு குளத்துக்குள்ளேயே முடிந்து, கட்டடம் தப்பிவிடும். விதிகள் 2017-ல் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முந்தைய பத்து ஆண்டு உயர் வெள்ள மட்டத்தின் சராசரியிலிருந்துதான் கணக்கு. அந்த ஆண்டுகளில் குளம் நிரம்பி மறுகால் பாயும்போது தேதியோடு எடுத்த படங்கள் கைகொடுக்கும்.

நேர் எதிரான தவறும் உண்டு: ‘சர்வதேசக் கொள்கையெல்லாம் நம்ம கோர்ட்டில் எடுபடாது’ என்று விட்டுவிடுவது. வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் (சேதம் உறுதியாகும்வரை காத்திராமல் தடுப்பது) மாசுபடுத்தியவரே செலவேற்கும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தீர்ப்பாயச் சட்டத்தின் 20-வது பிரிவு அவற்றைப் பின்பற்றச் சொல்கிறது. மனுவில் முதலில் உள்நாட்டு விதி, அதற்குத் துணையாகக் கொள்கை.

தீர்ப்பாயச் சட்டத்தின் 14-வது பிரிவின்கீழ் மனு போடக் கெடு ஆறு மாதம். தக்க காரணம் காட்டினால் 60 நாள் கூடுதல். வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், கலெக்டர் ஆபீஸ் பதிலுக்குக் காத்திருந்த நாளிலிருந்து அல்ல.